டீக்கடையில் ஒரு டிரிப்பிள் பாயிண்ட்!

நண்பர்களே, ஸ்டீம் டேபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எத்தனை நாள் அலைந்திருக்கிறோம்! அதில் 0.01 டிகிரி சென்டிகிரேட், 0.00611 பார் என்று ஒரு வரி இருக்குமே, அது எதற்கு என்று யாராவது கேட்டோமா? நானும் கேட்கவில்லை. வைவாவில் "டிரிப்பிள் பாயிண்ட் சார்" என்று சொல்லித் தப்பித்ததோடு சரி. அந்த வரி எங்க அப்பாவோட டீ கிளாஸுக்குள் வந்து உட்காரும் என்று அப்போது யார் கண்டார்?

அப்பா வத்தலக்குண்டில் டீ மாஸ்டர். முப்பது வருஷமாக பாய்லர் முன்னாடி நிற்கிறவர். இந்தத் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு. டிகாஷன் இறக்கும் போதெல்லாம் ருசி பார்க்கணும், பழகின ஆள் வந்தால் கூட ஒரு கிளாஸ் குடிக்கணும். ஒரு நாளைக்கு எட்டு டீ குறையாது. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. ஸ்பூனுக்கு 5 கிராம் என்று வைத்தால் 80 கிராம். போன வருஷம் கால் விரலில் ஒரு சின்னக் காயம் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "சீனியை அடியோடு நிறுத்துங்க" என்றார். அப்பா மாத்திரையைத் தவறாமல் போட்டார். சீனியை நிறுத்தவில்லை. அம்மா சண்டை போட்டுப் பார்த்தாள். "சீனி இல்லாத டீ வெறும் சுடுதண்ணிடி" என்பதுதான் பதில்.

இந்த நிலையில் தீபாவளிக்கு வந்த சித்தப்பா மகன் பெங்களூரிலிருந்து ஒரு பாக்கெட் கொண்டு வந்தான். ஃப்ரீஸ் டிரை செய்த ஸ்ட்ராபெரி. 20 கிராம்தான், ஆனால் பாக்கெட் தலகாணி மாதிரி இருந்தது. உள்ளே செக்கச்செவேலென்று துண்டுகள். பொரி மாதிரி எடையே இல்லை. வாயில் போட்டால் நொறுங்கி, அடுத்த நொடி நாக்கில் கரைந்து புளிப்பும் வாசனையும் ஏறுகிறது. நான் விளையாட்டாக நாலு துண்டைச் சுடுதண்ணீரில் போட்டேன். ஒரே நிமிஷத்தில் தண்ணீர் ரோஸ் கலராகிவிட்டது! பக்கத்து டம்ளரில் உலர்ந்த திராட்சையைப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷம் கழித்தும் அது திராட்சையாகவே கிடந்தது. இரண்டும் காய்ந்த பழம்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

இங்கேதான் நம்ம டிரிப்பிள் பாயிண்ட் வருகிறது. பழத்தை வெயிலில் காய வைத்தால், உள்ளே இருக்கிற தண்ணீர் திரவமாகவே மேலே நகர்ந்து வந்து ஆவியாகும். வரும்போது கரைந்த சர்க்கரையையும் சேர்த்து இழுத்து வரும். மேல்தோல் இறுகும், பழம் சுருங்கும். அப்படி இறுகிப் போனதற்குள் தண்ணீர் திரும்ப நுழைய நேரம் பிடிக்காதா? ஃப்ரீஸ் டிரையிங் முறையில் முதலில் பழத்தை மைனஸ் 30, மைனஸ் 40 டிகிரிக்கு உறைய வைக்கிறார்கள். பிறகு அதை ஒரு சேம்பரில் வைத்து காற்றை உறிஞ்சி, பிரஷரை டிரிப்பிள் பாயிண்ட்டுக்குக் கீழே கொண்டு போகிறார்கள். அதாவது பாதரச அளவில் 4.58 மில்லிமீட்டருக்கும் கீழே. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றோ 760 மில்லிமீட்டர்! அந்தப் பிரஷரில் தண்ணீருக்குத் திரவ நிலை என்பதே கிடையாது. பனிக்கட்டி நேராக ஆவியாகும். ஸ்கூலில் கற்பூரத்தைக் காட்டி 'பதங்கமாதல்' என்று சொல்லிக் கொடுத்தார்களே, அதேதான்.

பனிக்கட்டி இருந்த இடமெல்லாம் ஓட்டையாக நின்றுவிடும். பழம் சுருங்காது, சர்க்கரையும் புளிப்பும் நிறமும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த ஓட்டை வழியாகச் சுடுதண்ணீர் சரசரவென்று உள்ளே போய் எல்லாவற்றையும் கரைத்து எடுத்து வருகிறது. மெக்கானிக்கல்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல்: நம்ம மெட்டலர்ஜியில் படித்த கிரெயின் சைஸ் கதை இங்கேயும் உண்டு. சட்டென்று உறைய வைத்தால் சின்னச் சின்ன ஐஸ் படிகம், மெதுவாக உறைய வைத்தால் பெரிய படிகம், அதனால் பெரிய ஓட்டை. பெரிய ஓட்டை சீக்கிரம் ஊறும், ஆனால் பழத்தின் செல் சுவர் கிழிந்து துண்டு கொழகொழவென்று ஆகும்.

சும்மா வருவதில்லை இது. ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோ ஜூல், அந்தத் தண்ணீரை ஜீரோ டிகிரியிலேயே ஆவியாக்க 2,501. இரண்டையும் சேர்த்தால் 2,835 கிலோ ஜூல். அத்துடன் உறைய வைக்கிற கரண்ட், வாக்குவம் பம்ப் கரண்ட், பல மணி நேரம் மிஷின் ஓடுகிற செலவு. ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு கிலோ பழம் போட்டால் நூறு கிராம்தான் கைக்கு வரும். பாக்கெட் விலை ஏன் வாயைப் பிளக்க வைக்கிறது என்று இப்போது புரிகிறதா?

இது ஒன்றும் நேற்று வந்த வித்தை இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்கள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையப் போட்டு, காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காய வைத்து 'சூன்யோ' என்று பல நூற்றாண்டாகச் சேமிக்கிறார்கள். (அதில் மிதியும் வெயிலும் இருப்பதால் முழுக்க நம்ம முறை என்று சொல்ல முடியாது. அண்ணன் முறை என்று சொல்லலாம்.) பாரிஸில் ஆர்சன் தார்சன்வால் என்பவரும் போர்தாஸ் என்பவரும் 1906-ல் வாக்குவம் வைத்துச் செய்து காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் ரத்த பிளாஸ்மாவை இப்படி உலர்த்திப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அவ்வளவு ஏன், நம் தோளில் சின்ன வயசில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு இருக்கிறதே, அந்த மருந்தும் ஃப்ரீஸ் டிரை செய்த தூள்தான். சென்னை கிண்டியில் 1948-ல் அதற்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் ஆரம்பித்தார்கள்.

பி.சி.ஜி.யைச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அதில் இருப்பது உயிரோடு இருக்கிற கிருமி. பலவீனப்படுத்திய கிருமி, ஆனால் உயிருள்ளது. ஃப்ரீஸ் டிரையிங் அதைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. பழத்தின் மேல் ஒட்டியிருக்கிற கிருமிக்கும் இதே சலுகைதான்! 'பாக்கெட்டில் வந்தது, சுத்தம்' என்று நினைத்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு மணிக்கணக்கில் வெளியே வைக்காதீர்கள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றித்தான் ஆரம்பிக்கணும்.

சரி, இவ்வளவு விலை கொடுப்பானேன், நாமே செய்துவிடலாமே என்று டிப்ளமோ மூளை கேட்காமல் இருக்குமா? எனக்கும் கேட்டது. ஃப்ரிட்ஜில் ஐஸ் டிரேயை மறந்துவிட்டால் ஐஸ் கட்டி தானாகச் சின்னதாகிவிடும், கவனித்திருக்கிறீர்களா? அதுவும் பதங்கமாதல்தான். அதை நம்பி அத்தை வீட்டு ஃப்ரீசரில் கொடைக்கானல் ஸ்ட்ராபெரியை மெல்லிசாக நறுக்கி, வடிதட்டில் பரப்பி வைத்தேன். மூன்று வாரம். எடை பாதிகூடக் குறையவில்லை. வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் பழம் தொளதொளவென்று ஆகிவிட்டது. போதாக்குறைக்கு அத்தை அதே ஃப்ரீசரில் நெத்திலி வைத்திருந்தாள். அந்த டீயைக் குடித்தவர் யாரும் இல்லை.

அடுத்து நம்ம ரெஃப்ரிஜரேஷன் லேபில் கேஸ் சார்ஜ் பண்ணுவதற்கு முன் ஓட்டுகிற வாக்குவம் பம்ப் மேல் கண் விழுந்தது. லேப் சாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், சாக்பீஸ் எடுத்துக் கணக்குப் போட்டார். பாதரசத்தில் 0.4 மில்லிமீட்டர் பிரஷரில் ஒரே ஒரு கிராம் ஐஸ் ஆவியானால் அது பிடிக்கிற இடம் 2,000 லிட்டருக்கு மேல்! ஒரு வாட்டர் டேங்க்! "உன் நூறு கிராம் பழத்துக்கு எத்தனை டேங்க் ஆவியை இந்த பம்ப் விழுங்கணும்னு பாருப்பா" என்றார். அதனால்தான் நிஜ மிஷினில் பம்புக்கும் சேம்பருக்கும் நடுவில் மைனஸ் 50 டிகிரி வாக்கில் ஒரு கண்டென்சர் வைத்து, ஆவியை மறுபடி ஐஸாகப் பிடித்துவிடுகிறார்கள். அது இல்லாமல் ஓட்டினால் நீராவி பம்ப் ஆயிலில் கலந்து ஆயில் மோர் மாதிரி ஆகிவிடும், பம்ப் காலி. ஆயிலும் பழைய கேஸும் ஓடின குழாயில் தின்கிற பொருளை வைப்பது அதைவிட மோசம். ஆகவே தோழர்களே, பழத்தைக் காசு கொடுத்து வாங்குவோம். நம்ம வேலை டீ போடுவது.

டீ போடுவதில் எங்க அப்பாவுக்கும் எனக்கும் முதல் நாளே தகராறு. அவர் வழக்கம்போல் பால் டீ அடித்து அதில் ஸ்ட்ராபெரித் தூளைத் தூவினார். கண் முன்னாடியே டீ திரிந்து, திப்பி திப்பியாக ஆகிவிட்டது. "முப்பது வருஷத்துல என் கையில பால் திரிஞ்சதில்லடா" என்று முகம் சிவந்துவிட்டது. தப்பு அவர் கையில் இல்லை. பாலில் இருக்கிற கேசின் என்கிற புரதம் pH 4.6-க்குப் பக்கம் போனால் திரளும். சூடான பாலில் அதற்கு முன்னாலேயே திரளும். எலுமிச்சம்பழம் பிழிந்து பனீர் எடுப்பதும் இதேதான். ஆகையால் பழ டீ என்றாலே கட்டன் சாயா, பால் கூடாது.

அடுத்தது தூள். கடைகளில் போடுவது சி.டி.சி. தூள். நசுக்கி, கிழித்து, சுருட்டி உருண்டையாக்கியது. இது பாலைத் தாங்குவதற்கென்றே பிறந்தது. பால் இல்லாமல் போட்டால் கறுத்து, துவர்த்து, பழ வாசனையை அமுக்கிவிடும். நீலகிரியில் ஆர்த்தடாக்ஸ் என்று முழு இலையாகச் சுருட்டி உலர்த்துகிற டீ கிடைக்கும். வாசனை உண்டு, அடி குறைவு. பழத்துக்கு அதுதான் ஜோடி. வீட்டில் சி.டி.சி.தான் இருக்கிறது என்றால் கால் ஸ்பூன் போட்டு ஒரு நிமிஷத்தில் வடித்துவிடுங்கள்.

நாங்கள் நாலைந்து பாக்கெட்டை வீணடித்துக் கண்டுபிடித்த வரிசை இது: கட்டை முதலில், இலை அடுத்து, பழம் கடைசி. இஞ்சி, பட்டை, ஏலக்காய் போடுவதாக இருந்தால் தண்ணீரோடு சேர்த்து மூன்று நிமிஷம் கொதிக்கணும், அவற்றுக்குக் கொதி தேவை. பிறகு அடுப்பை அணைத்து, ஒரு கிளாஸ் அதாவது 200 மில்லிக்கு ஒரு ஸ்பூன் டீ இலை போட்டு மூன்று நிமிஷம் மூடி வையுங்கள். அதற்கு மேல் போனால் துவர்ப்பு ஏறும். (கிரீன் டீ என்றால் தண்ணீர் 80 டிகிரிக்கு ஆறின பிறகுதான் இலை. அப்போது பழத்துக்குத் தனியாகக் கொஞ்சம் கொதிதண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.) வடிகட்டி, மறுபடி ஒரு கொதி காட்டி, கையால் நொறுக்கின பழத்தின் மேல் ஊற்றுங்கள். பழம் இரண்டு ஸ்பூன், சுமார் 3 கிராம். ஓட்டைக்குள் காற்று இருப்பதால் துண்டுகள் மிதக்கும். ஸ்பூனால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து நாலு நிமிஷம் பொறுங்கள். தட்டு முக்கியம். பழத்தின் உயிரே வாசனைதான், திறந்து வைத்தால் அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். பழத்தை அடுப்பில் போட்டுக் கொதிக்க வைத்தாலும் இதே கதி. ஜாம் வாசம் வரும், பழ வாசம் வராது.

புளிப்பு சேர்ந்தவுடன் டீயின் நிறம் வெளுக்கும், எலுமிச்சை டீயில் பார்ப்பதுதான். பயப்பட வேண்டாம். எங்க ஊர் போர் தண்ணீரில் கட்டன் சாயா போட்டால் மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஆடை படியும். உப்புத் தண்ணீரின் கால்சியம் செய்கிற வேலை அது. பழப் புளிப்பு சேர்ந்தால் அந்த ஆடை குறைந்துவிடுகிறது. அப்பா முதன்முதலில் மதிப்போடு பார்த்தது இதைத்தான்!

எந்தப் பழம் நல்லது? என் ஓட்டு ஸ்ட்ராபெரிக்கும் அன்னாசிக்கும். அன்னாசியோடு ஒரு துண்டு பட்டை, ஸ்ட்ராபெரியோடு நாலு துளசி இலை. மாம்பழம் இஞ்சியோடு நன்றாக இருக்கும், ஆனால் புளிப்பு போதாது, ரெண்டு சொட்டு எலுமிச்சை வேணும். வாழைப்பழம் வேண்டவே வேண்டாம், டீ கஞ்சியாகிவிடும். பலாப்பழம் போட்டால் ஹாஸ்டல் முழுக்க நீங்கள் டீ குடிப்பது தெரிந்துவிடும். டிராகன் பழம் கலருக்கு மட்டும். திராட்சை மாதிரி தோலோடு முழுசாக இருப்பதை நசுக்கித்தான் போடணும், தோல் தண்ணீரை விடாது. தூளாக விற்பதை வாங்கினால் கட்டி தட்டும், குழம்பும். துண்டே நல்லது.

வெயில் காலத்துக்கு ஜில்லென்று வேணுமா? பழத்தில் அரை டம்ளர் கொதிதண்ணீர் ஊற்றி ஆற விட்டு, டீ இலையும் பச்சைத் தண்ணீரும் சேர்த்து ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் துவர்ப்பு குறைவாகத்தான் இறங்கும், சீனி தேடாது. காலையில் வடித்து அன்றைக்கே குடித்துவிடணும்.

பாக்கெட்டைப் பிரித்தபின் பாதுகாப்பதுதான் பெரிய பாடு. காற்றில் இருக்கிற ஈரத்தை அந்த ஓட்டைகள் உறிஞ்சும். மழை நாளில் ஒரு மணி நேரம் திறந்திருந்தால் போதும், அப்பளம் மாதிரி நமுத்துவிடும். நமுத்ததை வெயிலில் காய வைத்தாலும் பழைய மொறுமொறுப்பு வராது. நாங்கள் வாங்கினவுடனே சின்னச் சின்ன கண்ணாடி பாட்டிலில் பிரித்து, புது ஷூ டப்பாவில் வருவது மாதிரியான சிலிக்கா ஜெல் பொட்டலத்தை (கடையில் சாப்பாட்டுக்கு என்றே விற்பது, ஷூ டப்பாவிலிருந்து எடுத்தது அல்ல!) உள்ளே போட்டு இறுக்கி மூடுகிறோம். ஈர ஸ்பூன் உள்ளே போகக்கூடாது. டீக்கடையில் இந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போது முக்கியமான கணக்கு. நான் முதலில் அப்பாவிடம், "இதுல சீனியே இல்லைப்பா" என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. காய வைத்தால் போவது தண்ணீர் மட்டும்தான், பழத்தின் சர்க்கரை அப்படியே உள்ளே இருக்கிறது. 3 கிராம் ஸ்ட்ராபெரி என்பது சுமார் 30 கிராம் பச்சைப் பழம், அதில் சர்க்கரை ஒன்றரை கிராம் வாக்கில் வரும். மாம்பழம் என்றால் இரண்டரை கிராம் வரை. கடை டீயின் 10 கிராம் சீனிக்கு முன்னால் இது சின்னதுதான். ஆனால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு கொறிக்க ஆரம்பித்தால் 20 கிராம் போவதே தெரியாது, அது சுமார் 200 கிராம் ஸ்ட்ராபெரி! சில பாக்கெட்டில் சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்த பழமும் வருகிறது. பின்னாடி பொடி எழுத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். இந்த டீ சர்க்கரை நோய்க்கு மருந்தும் கிடையாது. மாத்திரை மாத்திரைதான், டாக்டர் டாக்டர்தான். சீனி இருந்த இடத்தில் ஒரு புளிப்பும் வாசனையும் வந்து உட்காருவதால் நாக்கு சண்டை போடாமல் இருக்கிறது, அவ்வளவே.

எங்க வீட்டு நாக்கு உடனே சமாதானம் ஆகிவிடவில்லை. முதல் வாரம், "என்னடா இது, காய்ச்சக்காரனுக்குக் கஷாயம் மாதிரி!" இரண்டாம் வாரம், "அந்த இலை டீ மட்டும் பரவால்ல." ஒரு நாள் நான் ஹாஸ்டலிலிருந்து சனிக்கிழமை ஊருக்குப் போனபோது, கடை திறக்கும் முன் பாய்லர் பக்கத்தில் அப்பா தனியாக உட்கார்ந்து, கிளாஸ் மேல் சாஸரைக் கவிழ்த்து வைத்து வாட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, "அன்னாசிக்கு நாலு நிமிஷம் பத்தலைடா, அஞ்சு ஆவுது" என்றார்.

இன்றைய தேதியில் எட்டு டீ ஐந்தாகியிருக்கிறது. அதில் இரண்டு பழ டீ, சீனி இல்லாமல். மற்ற மூன்றில் அரை ஸ்பூன். எண்பது கிராம் சீனி எட்டுக்கும் கீழே. கால் விரல் காயம் மாத்திரையிலும் டிரெஸ்ஸிங்கிலும் ஆறி, தோல் மூடிவிட்டது. அடுத்த ரத்தப் பரிசோதனை செமஸ்டர் லீவில், நானும் கூடப் போகிறேன். "இதைக் கடையில் போட்டால் என்னப்பா?" என்று கேட்டுப் பார்த்தேன். அப்பா விரல் விட்டு எண்ணினார். 20 கிராம் பாக்கெட்டில் ஆறு கிளாஸ், பாக்கெட் விலையோ எங்கள் கடையின் ஒரு நாள் பால் காசில் பாதி. "எவன் குடிப்பான்? எனக்கு மட்டும் வாங்கிட்டு வா." அடுத்த பாக்கெட் வாங்க எனக்கு இம்ப்ளான்ட் டிரெய்னிங் ஸ்டைபெண்ட் வரணும். அதுவரை பாட்டிலில் மூன்று ஸ்பூன் அன்னாசி மிச்சம் இருக்கிறது, சிலிக்கா ஜெல்லோடு.